மோப்பக்கா கட்டும் சிவப்புத் துணி

சாக்குக்குள் தலை போயிருக்கிறது. வெளியே தெரிவது முதுகும், மண் அப்பிய ரப்பர் செருப்பும்தான். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வருகிறது, சளி பிடித்த குழந்தை மூக்கை இழுப்பது போல. சாக்குக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருக்கிறார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற முகம். ஒருவழியாகத் தலை வெளியே வருகிறது. மூக்கு நுனியில் காப்பிப் பழத்தோல் ஒன்று ஒட்டியிருக்கிறது.

"நேத்து பறிச்சது மேல, முந்தாநாள் பறிச்சது அடியில. ஏன்?"

"மழை பிடிச்சுக்கிச்சு அக்கா. தூக்கிட்டு வர முடியல."

"மழை எனக்குந்தான் பெஞ்சுது. அது இருக்கட்டும், அடியில இருக்கறதைத் தனியா கொட்டு. புளிச்சுப் போச்சு."

தொப்பிக்காரர் கொட்டுகிறார். மேலே இருந்த பழம் தேன் வாசம் அடிக்க, அடியில் இருந்தது லேசாகக் காடி வாசம் அடிக்கிறது. கொட்டிய பிறகு எனக்கே தெரிகிறது. கொட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள அந்த மூக்கு வேண்டும்.

இவருக்கு மோப்பக்கா என்று பெயர் வைத்தது யார் என்று விசாரித்தேன். ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டிவிட்டு நழுவுகிறார்கள். நேரில் எல்லோருக்கும் அக்காதான். முதுகுக்குப் பின்னால்தான் முன்னொட்டு சேரும். அவருக்கும் அது தெரியும். "கிளின்னு வைக்கலாம், மயிலுன்னு வைக்கலாம். இவனுங்களுக்கு வாய்ல வந்தது இதுதான்" என்று சொல்லிவிட்டு, கேட்கிறவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தயங்குவதற்குள் தானே முதலில் சிரித்துவிடுகிறார்.

மலைச்சரிவில் ஆளுக்குக் கொஞ்சம் நிலம் வைத்துக் காப்பி போடுகிறவர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கத்தில் அவர் 'தோட்டம் பார்க்கிறவர்'. சங்கத்தார் கைதூக்கித் தேர்ந்தெடுத்துக் கொடுத்த வேலை. பழம் பறிக்கிற பருவத்தில் காலையெல்லாம் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். மதியத்துக்கு மேல் கொட்டகை வாசலில் நின்று, வருகிற மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பார். பார்ப்பார் என்று எழுதுவது ஒரு வழக்கத்துக்காக. கண்ணெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்.

அந்த மூக்குக்காக வீடே பத்தியம் இருக்கிறது. வாசனைச் சோப்பு வாசல்படி தாண்டக் கூடாது. தோழி வீட்டில் பவுடர் பூசிக்கொண்டு வருகிற மகள், வெளிக்குழாயில் முகம் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அக்கா தும்மினால் கொட்டகைத் தகரம் அதிர்கிறது. யாராவது உட்காரச் சொன்னால் பிடிக்காது. "உக்காந்தா யோசனை வருது. யோசனை வந்தா பயம் வருது. நடந்துகிட்டே பேசுங்க" என்று எனக்கும் சொல்லிவிட்டார். அவர் பின்னால் மூச்சு வாங்க ஓடியதில் என் கேள்விகளில் பாதி வழியிலேயே விழுந்துவிட்டன. மிச்சத்தை, ஏற்றம் இல்லாத இடமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன்.

தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. அதற்குள் கத்தரிக்கோல், கயிறு, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், அப்புறம் பழைய சிவப்புப் போர்வையைக் கிழித்த துண்டுகள் கொஞ்சம். பிஸ்கட்டை எல்லோருக்கும் நீட்டுவார். அந்தத் துண்டுகளில் ஒன்று வெளியே வந்தால் மட்டும் சுற்றி நிற்கிறவர்கள் பேச்சு நின்றுவிடும். அதை அப்புறம் சொல்கிறேன்.

நான் அங்கே போன கதை இது. காப்பி இல்லாமல் எனக்குக் காலையில் வாய் திறக்காது. ஊரில், கூடுதல் விலை கொடுத்து, முத்திரை போட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்குகிறவன் நான். 'விவசாயிக்கு நியாயமான விலை' என்று அட்டையில் எழுதி, பக்கத்தில் ஒரு முகம் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அதற்காகவே மலை ஏறினேன். அட்டையில் இருப்பது மாதிரி இங்கே யாரும் சிரித்துக்கொண்டு நிற்கவில்லை. எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை.

நியாய வணிகம் பற்றி நான் படித்துவிட்டுப் போனதெல்லாம் குழப்பத்தைத்தான் கூட்டியது. அக்கா ஒரு மேட்டை ஏறி முடிப்பதற்குள் விளக்கிவிட்டார்.

"முன்னாடி வியாபாரி லாரி வரும். அவன் வாயில வந்ததுதான் விலை. பறிச்ச பழம் கையில இருக்கு, வச்சிருந்தா புளிச்சிரும். வேண்டாம் போய்யான்னு சொல்ல முடியுமா? இப்ப சங்கத்துக்குன்னு ஒரு அடிவிலை இருக்கு. சந்தை எவ்வளவு விழுந்தாலும் அதுக்குக் கீழ போகாது. அது போக, பொதுவுக்குன்னு ஒரு தொகை தனியா வரும். அதை வச்சு என்ன செய்யறதுன்னு நாங்க கைதூக்கி முடிவு பண்ணுவோம். இவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் எத்தனை பேரு பேனாவைத் தூக்கிட்டு வர்றீங்க!"

எல்லாம் பாலும் தேனுமாக ஓடுகிறது என்று அங்கே யாரும் என்னிடம் சொல்லவில்லை. சந்தை நன்றாக இருக்கிற வருஷத்தில் வியாபாரி சங்கத்தைவிடக் கூட்டிக் கேட்பான், கை அரிக்கும். பறித்தது முழுவதும் முத்திரையோடு விற்றுப்போவதும் இல்லை. விதிகளோ, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை சொல்கிற குறைகளைவிட நீளம். இருந்தாலும் விலை தரைதட்டிய வருஷத்தில், பக்கத்து மலையில் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குடும்பம் குடும்பமாகப் பிழைப்புத் தேடிக் கீழே இறங்கினார்கள். இந்த மலையில் ஒரு வீடும் பூட்டவில்லை. பொதுத் தொகையில் முதலில் தண்ணீர்க் குழாய் வந்தது. பிறகு, பழம் பறிக்கிறவர்களின் கைக்குழந்தைகளுக்கு ஒரு அறை வந்தது, பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வந்தார். என் சந்தேகத்தில் பாதியை அந்த அறை வாசலில் காய்ந்துகொண்டிருந்த குட்டிச் சட்டைகள் தீர்த்துவைத்தன.

இந்த வருஷம் பள்ளிக்கூட வண்டி. மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க அடிவாரம் போக வேண்டும், போக்குவரத்து கிடையாது. அதனால் எட்டாவது முடித்த பெண்பிள்ளைகள் நேராகப் பழக்கூடைக்கு வந்துவிடுவார்கள். மோப்பக்காவே அப்படி வந்தவர்தான். கூட்டத்தில் வண்டி என்று சொன்னதும் அத்தனை கைகளும் மேலே போய்விட்டன. வண்டியை வாங்கினால் மட்டும் போதாது. டிரைவருக்கும் டீசலுக்கும் வருஷா வருஷம் பொதுத் தொகை வந்தாக வேண்டும். அது வர வேண்டுமானால் முத்திரை நிலைக்க வேண்டும். இந்த வருஷம் எட்டாவது முடிக்கிற அக்காவின் மகள் ஜன்னல் ஓர இடத்துக்குத் தோழியோடு சண்டை போட்டு ஜெயித்தும்விட்டாள். வண்டி இன்னும் வரவில்லை.

இப்போது சிவப்புத் துணிக்கு வருகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஆய்வாளர் வருவார். ஒரு தோட்டத்தில் விதி மீறியிருப்பதைச் சங்கமே கண்டுபிடித்து, அந்தப் பழத்தைத் தனியே ஒதுக்கியிருந்தால் நஷ்டம் அந்த ஒரு வீட்டோடு போகும். சங்கம் மூடி மறைத்து, அது ஆய்வாளர் கண்ணில் பட்டால் முத்திரை எல்லோருக்கும் போகும். ஆகவே குறை தெரிந்ததும் அக்கா அந்த வீட்டு வாசல் கம்பத்தில் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். அந்தப் பருவம் முடிகிற வரை அந்த வீட்டுப் பழம் கொட்டகைக்குள் நுழையாது. பழையபடி வியாபாரி லாரிதான், அவன் வாயில் வந்த விலைதான்.

முதல் துணியை அவர் கட்டியது கூடப் பிறந்த அண்ணன் வாசலில்.

அண்ணன் கொண்டுவந்த சாக்கில் டீசல் வாடை அடித்திருக்கிறது. அண்ணன் வீட்டில் டீசல் குடிக்கிற சாமான் ஒன்றும் கிடையாது. அடிவாரத்தில் மோட்டார் வைத்து விவசாயம் பார்க்கிற ஆள் அண்ணியின் தம்பி. அவர் சங்கத்தில் இல்லை. விலை கிடைக்காமல் திண்டாடுகிறானே என்று அண்ணி இரக்கப்பட்டு, தம்பி வீட்டுப் பழத்தைத் தங்கள் மூட்டையில் கலந்துவிட்டார். அந்தப் பழம் எப்படி விளைந்தது, எதைத் தெளித்து விளைந்தது என்று சங்கத்துக்குத் தெரியாது. கேட்டதும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி குனியவில்லை.

"கட்டுடி, நல்லா இறுக்கிக் கட்டு. ஒரு நாளைக்கு உன் வாசல்லயும் இது தொங்கும். அப்ப வந்து பார்க்கறேன்."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. அண்ணன் பேசுவார், அண்ணிக்குத் தெரியாமல். அண்ணி தினமும் காலையில் மேட்டு வீட்டிலிருந்து கூடையோடு இறங்கி, அக்காவின் வாசலைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போக வேண்டும். ரொம்பக் குள்ளமானவர். தூரத்தில் பார்த்தால் கூடை மட்டும் தானாக நடந்து வருவது போல இருக்கும். வாசல் நெருங்கியதும் அந்தக் கூடை மறுபக்கம் திரும்பிக்கொள்ளும்.

"வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமா? எனக்குத் தலைவாரிவிட்ட அண்ணி அவங்க" என்றார். பிறகு நடையைக் கூட்டிவிட்டார். அதற்கு மேல் என்னால் கேட்கவும் முடியவில்லை, எட்டிப் பிடிக்கவும் முடியவில்லை.

நான் கிளம்ப இருந்ததற்கு முந்தின நாள், விடிந்தால் ஆய்வு என்று மலை முழுக்கப் பரபரப்பு. கொட்டகையைக் கழுவிவிட்டார்கள். சங்கச் செயலாளர், அக்காவுக்குத் தூரத்துச் சொந்தத்தில் தம்பி முறை, சலவைச் சட்டையை எடுத்து வைத்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆய்வாளரை முதலில் தோட்டம் பார்க்கிறவர் வீட்டுக்கே அழைத்துப் போவது என்று அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார். சாயங்காலம் அக்காவோடு நானும் அவர் வீட்டுக்கு நடந்தேன். சாலையிலிருந்து வாசல் கம்பத்தைத் தாண்டினால், காப்பிச் செடிகளுக்கு நடுவே சரிந்து இறங்குகிற ஒற்றையடி வழி வீட்டுக்குப் போகும்.

அந்த வழியில் அக்கா நின்றார். அவர் காரணமில்லாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. மூக்கு மேலே போனது. குனிந்து வழியோரத்துப் புல்லைப் பிடுங்கி முகர்ந்தார். விடுவிடுவென்று வீட்டுக்குப் போய், கொடியில் காய்ந்த கணவரின் சட்டையை இழுத்து மூக்கில் வைத்தார்.

"என்ன அடிச்சீங்க?"

அவருடைய வீட்டுக்காரர் பேச்சில் சிக்கனமானவர். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவர், சட்டையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"வழியில களை மண்டிக் கெடந்துச்சு. வெட்டலாம்னா தோள்பட்டையைத் தூக்க முடியல. கீழ கடையில களை மருந்து ஒரு பாட்டில் வாங்கி..."

"சங்கத்துல அது கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தோட்டத்துல கூடாதுன்னு தெரியும். இது வழிதானேம்மா. செடி மேல ஒரு சொட்டு படல." கொஞ்சம் நிறுத்திவிட்டு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நீ ஊர்த் தோட்டமெல்லாம் பார்க்கப் போயிடற. நம்ம வழி காடாக் கெடக்கு. நாளைக்கு வர்றவங்க, தோட்டம் பார்க்கிறவ வீட்டைப் பாருன்னு உன்னைப் பார்த்துச் சிரிச்சிரக் கூடாதுன்னுதான்."

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மனைவியின் மானத்தைக் காப்பாற்ற நினைத்து, அதையே கொண்டுபோய்ப் பணயம் வைத்துவிட்டு நிற்கிறார். ஒரு மழை பெய்தால் அந்த வழித் தண்ணீர் நேராகக் கீழ் வரிசைச் செடிகளின் காலடிக்குத்தான் போகும். வழியும் தோட்டத்தில்தான் சேர்த்தி.

ஏற்பாடுகளைச் சொல்ல வந்த செயலாளருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் தொங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை; அக்கா மேல் உயிராக இருப்பவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, புல்லு இன்னும் வாடவே இல்ல. வாட ரெண்டு மூணு நாள் ஆகும். வர்றவங்களுக்கு என்ன, உங்க மூக்கா இருக்கு? நாலு கூடை சருகு கொட்டினா முடிஞ்சுது" என்றார்.

அக்கா வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். சின்ன வீடு, நாலு எட்டில் சுவர் வந்துவிடும், திரும்புவார். மேலே கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. மழை வந்தால் மகளின் புத்தகப் பை கட்டிலுக்கும் அலமாரிக்கும் ஓடிக்கொண்டே இருக்குமாம். இந்தப் பருவத்துப் பழம் விற்றதும் தகரம் மாற்றுவதாக இருந்தார்கள்.

"இத்தனை வருஷம் சங்கத்துக்கு உழைச்சிருக்கீங்க. உங்க வீட்டுப் பழத்தையே வெளிய தள்ளணுமா? யாரு கேக்கப் போறாங்க?" என்றார் செயலாளர்.

"எங்க அண்ணன் வாசல்ல கட்டினப்ப நீதானே பக்கத்துல நின்ன? அப்ப ஏன்டா சருகு கொட்டச் சொல்லல?"

அந்த நேரத்தில்தான் மகள் கதவோரத்திலிருந்து கேட்டாள்.

"அம்மா, அப்ப வண்டி வராதா?"

அக்கா உட்கார்ந்தார். கட்டில் விளிம்பில், யாரும் சொல்லாமலே. அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கணவர் பக்கத்தில் வந்து நின்றார், தொடவில்லை. அக்கா அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார். அதில் ஒரு ஓட்டை வழியாகச் சாயங்கால வெளிச்சம் கீற்றாக இறங்கிக்கொண்டிருந்தது. பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். உட்கார்ந்தால் பயம் வரும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பிறகு எழுந்துவிட்டார்.

"வண்டி வரும். தகரம்தான் வராது." மகளிடம் சொல்லிவிட்டுச் செயலாளர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு அவங்களை முதல்ல இங்கதான் கூட்டிட்டு வர்ற. நானே வழியைக் காட்டறேன்."

"சரிக்கா. அப்ப துணியை இப்பவே..."

"விடியட்டும். இருட்டற நேரத்துல கட்டினா ஒளிச்சுக் கட்டின மாதிரி இருக்கும்."

கணவர் வாயைத் திறந்தார். "நான் வேணும்னு..."

"தெரியும். அது இருக்கட்டும், தோளைக் காட்டுங்க. எந்த இடத்துல பிடிச்சிருக்கு?"

மறுநாள் பொழுது விடிந்ததும் பையோடு கிளம்பிவிட்டேன். அடிவாரத்தில் பஸ் பிடிக்க இறங்குகிற சாலை அவர் வாசல் வழியாகத்தான் போகிறது என்பது ஒரு சாக்கு. அந்த வாசலைப் பார்க்காமல் எனக்குப் போக மனமில்லை. கணவனும் மனைவியும் கம்பத்தருகே நின்றிருந்தார்கள். அக்கா கையில் காப்பித் தம்ளர். சிவப்புத் துணி கணவர் கையில்.

"நீங்களே கட்டுங்க" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. இது இரண்டு பேர் வீட்டு வேலை என்கிற மாதிரி இருந்தது.

வலிக்கிற தோளைத் தூக்க முடியாமல், ஒரு கையாலும் பல்லாலும் இழுத்து அவர் கட்டி முடித்தார். கம்பத்தின் உள்பக்கம், வீட்டைப் பார்த்தபடி கட்டியிருந்தார். கொடி ஒன்று படர்ந்து அந்தப் பக்கம் இலையாக இருந்தது. சாலையில் நின்ற எனக்கு ஒரு நூல்கூடத் தெரியவில்லை.

"கட்டியாச்சு" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

அக்கா எட்டிப் பார்த்தார். "நமக்குக் காட்டவா கட்டறோம்?" என்று கேட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தம்ளரைக் கணவரிடம் கொடுத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தார். துணியை எடுத்துக்கொண்டு வெளியே சாலைக்கு வந்து, தன் உயரத்துக்குக் கம்பத்தில் சுற்றினார்.

மேட்டுத் திருப்பத்தில் கூடை ஒன்று தெரிந்தது. தானாக நடந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா அதைப் பார்த்தார். சுற்றின துணியை மறுபடியும் பிரித்தார். சாலையில் முழங்காலை ஊன்றி, இறங்கி வருகிற கூடையைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டு, அண்ணியின் கண்ணுக்கு நேராக வருகிற உயரத்தில் வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.